தினை உருண்டை

மேல் வீட்டு ரீட்டாவும் வருகிறாள் என்று தெரிந்திருந்தால், ஏலகிரிச் சுற்றுலாவுக்காக நான் வானகரத்தை விட்டே அசைந்திருக்க மாட்டேன். அவள் கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் பலகாரத்தைத் திருப்பி அனுப்பியதிலிருந்து எங்களுக்குள் நல்ல பேச்சே கிடையாது. தண்ணீர் மோட்டாருக்கும் குப்பைக்கும் சண்டை மட்டும்தான்.

மலைப் பண்ணையில் மதியம் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். பந்தியில் எனக்கு எதிரே அவள். நான் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "யார் யார் ஊட்டுச் சோறோ எறங்குது. எங்க ஊட்டுப் பலகாரம் மட்டும் எறங்கல" என்றாள்.

கேட்காததுபோல், பண்ணைக்கார அம்மா வைத்த தினை உருண்டையை வாயருகே கொண்டுபோனேன். ரீட்டா எட்டி என் கையில் ஓங்கி அடித்தாள். உருண்டை மண்ணில் விழுந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

"அதுல வேர்க்கடலை அரைச்சிப் போட்டுக்கீறாங்க. இப்பத்தான் கேட்டேன். துன்னா உனுக்குத் தொண்டை அடைச்சிக்கும்ல?"

"உனக்கு யார் சொன்னா?"

"அன்னிக்கு வேர்க்கடலை கீதுன்னு பலகாரத் தட்டத் திருப்பிக் குடுத்தப்ப உன் ஊட்டுக்காரர்தான் சொன்னாரு."

"காரணம் தெரிஞ்சுமா இவ்ளோ நாள் சண்டை போட்ட?"

"நீ ஒரு மாடி ஏறி வந்து சொல்லிக்கீறியா? ஆளத்தான அனுப்பின?"

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினாள்.

இன்றைக்கும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆனால் அவள் கெட்டவள் என்று முன்புபோல யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.