எண்ணெய் கேட்கும்

பாக்தாத்தில் கன்னத்தில் வரும் ஒரு புண்ணுக்குத் தங்கச்சி என்று பெயர். மணல் ஈ கடித்து வருவாள். ஒரு வருஷம் குடியிருப்பாள். போகும்போது பேரீச்சங்கொட்டை அளவுக்கு ஒரு குழியை வைத்துவிட்டுப் போவாள். எங்கள் தெருவில் தங்கச்சி வராத வீடு இல்லை, என் கன்னத்துக்கும் வந்து போனாள். அந்தத் தழும்பைப் போக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவள் என் பக்கத்து வீட்டு ஃபக்ரியா. கருஞ்சீரகத்தையும் கற்றாழையையும் நல்லெண்ணெயில் காய்ச்சி, பழைய இருமல் மருந்து சீசாக்களில் அடைத்துக் கொடுப்பாள்.

நான் இருபது வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அவள் எண்ணெயால் அரிப்பு அடங்கும், தோல் மெத்தென்று இருக்கும். குழி குழிதான். அதை முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

"இதுல கத்தரிக்காய் வறுத்தாலாவது வாசனையா இருக்கும்டி."

"உன் கன்னத்துல மழைத்தண்ணி தேங்கட்டும், போ. என் புள்ளையப் பாரு, எங்க இருக்கு தழும்பு?"

கஸ்வான் அவளுடைய ஒரே மகன். வலக்கன்னத்தில் தழும்பு இருக்கத்தான் இருந்தது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தது, அவ்வளவுதான். பிறகு தாடி வளர்ந்து அதை மூடியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சோதனைச்சாவடிகளில் தாடியைப் பார்த்தே ஆளை இழுத்துப்போய்க் கொல்கிறார்கள் என்று பயந்து அந்த வாரம்தான் தாடியை மழித்திருந்தான். பதினோராம் நாள் ஃபக்ரியாவைப் பிணவறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கணினித் திரையில் செத்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். முதல் பத்து முகங்களுக்கு அழுதேன். அப்புறம் மரத்துப்போயிற்று. அடுத்தது, அடுத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முகம் வந்தது. வலக்கன்னத்தில் குழி. கஸ்வான்தான்.

ஃபக்ரியா திரையில் விரலை வைத்தாள். "இவனுக்குத் தழும்பு இருக்கே. என் புள்ளைக்கு அது எப்பவோ போயிருச்சு. அடுத்தது காட்டுங்க தம்பி."

திரைக்கு அருகில் இருந்தவர் என்னைப் பார்த்தார். "பக்கத்து வீடுன்னீங்களே? நீங்க சொல்லுங்கம்மா."

ஆமென்றால் அவளுக்கு மகன் இல்லை. இல்லையென்றால் அவனைப் பெயரில்லாமல் புதைப்பார்கள். அவள் என் கையை இறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வலிக்கக்கூட இல்லை.

"அது கஸ்வான் இல்ல," என்றேன். "இவ எண்ணெய் நல்லா கேக்கும். அவன் தழும்பு அப்பவே மறைஞ்சிருச்சு."

வெளியே வந்து டாக்சிக்கு நின்றோம். வெயில் கொளுத்தியது. ஃபக்ரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சாஜிதா, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என் எண்ணெய நல்லதுன்னு சொல்லியிருக்க."

நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள போ," என்றாள். "போயி அவன் பேரைச் சொல்லிட்டு வா."