ஈரத்தில் மட்டும் முனகிய கிட்டார்

என் மகள் குரலெடுத்து அழும்போது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த, மறைந்த என் அப்பாவின் கிட்டாரும் கூடவே முனகும். யாரும் அதைத் தொடவேண்டியதில்லை. முதலில் கம்பிகள் மெல்ல ரீங்கரிக்கும். அதற்கு அடியில், பெட்டிக்குள் ஒரு வண்டு அகப்பட்டுக்கொண்டதுபோல, ‘ஜிர்ர்’ என்று இன்னோர் ஓசை கேட்கும். சமையலறையில் இருக்கும் அம்மா தலையை நிமிர்த்துவார்.

“பேத்தி அழுதா தாத்தாவுக்குப் பொறுக்கல பாரு.”

அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே நம்பினாரா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. நான் கிட்டார் செய்பவள். ஒரு கம்பி எந்தச் சுரத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தச் சுரம் காற்றில் வந்தால் அது தானாகவே அதிரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், குழந்தையைத் தூக்க ஓடும்போது அந்தச் சுவரின் பக்கம் திரும்பாமல்தான் ஓடுவேன்.

கிட்டார் செய்பவள் என்று சொல்லிக்கொள்ள இன்னமும் கூச்சமாக இருக்கிறது. இந்த வேலைக்கு வருமுன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வகுப்புகளில் பொழுதுபோக்காகக் கற்ற வேலை, மகப்பேறு விடுப்பு முடிந்தபோது என்னை அலுவலகத்துக்குத் திரும்ப விடவில்லை. உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில், தச்சர் ஒருவரின் அறையில் பாதியை வாடகைக்கு எடுத்தேன். “செய்யேன், யாரு வேணாங்கிறா? எனக்கு வாசிக்கத் தெரியாது, ஓசியில ஒன்னு குடுத்துடாதலா” என்றார் கணவர். நான்தான் பயந்தேன். வீடு இருக்கும் பாசிர் ரிஸிலிருந்து தீவின் வடகோடிக்குப் போகிறேனே, பிள்ளைக்கு ஏதாவது என்றால்? கிட்டார் செய்யும் ரோஸ்வுட் மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும் என்று படித்ததிலிருந்து, வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்து உடை மாற்றாமல் மகளைத் தொட்டதில்லை. அவள் கையை நீட்டி அழுவாள். கிட்டார் முனகும். நான் குளியலறையில் நின்றபடி, வேலையை விட்டது தப்போ என்று யோசிப்பேன்.

யாருடைய வாசிப்பு உங்களைப் பாதித்தது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். உலகப் புகழ்பெற்ற இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவைப்பேன். உண்மையான பதில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் தமிழ்ப் பாடகர் குழு. மின்விசிறிகள் சுழலும் கோயிலில், இடது ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா காணிக்கைப் பாட்டுக்கு வாசித்தது. அதில் ஐந்தாம் கம்பியை மீட்டும்போதெல்லாம் அந்த ஜிர்ர். கிட்டார் என்றாலே அப்படித்தான் ஒலிக்கும் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். இன்றும் புதிதாகச் செய்த கிட்டாருக்கு முதன்முறை கம்பி கட்டி மீட்டும்போது, எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று குறைவதுபோல் காது தேடும்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆனபோது நினைவுத் திருப்பலிக்கு ஏற்பாடானது. பாடகர் குழுவை நடத்தும் ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார்.

“அன்னிக்கு உங்கப்பா கிட்டாரையே வாசிச்சிடுறேன். ஆனா அந்த ஜிர்ர் சத்தத்தைக் கொஞ்சம் பாத்துடும்மா. இப்ப புது மைக், எல்லாம் பெருசா கேக்கும். நீதான் இதுல எக்ஸ்பர்ட் ஆச்சே!”

உட்லண்ட்ஸுக்கு எடுத்துப் போனேன். ஓசை வரவில்லை. எல்லாக் கம்பிகளையும் எல்லா இடத்திலும் மீட்டிப் பார்த்தேன். பெட்டி முழுவதையும் விரல் முட்டியால் தட்டினேன். சுத்தமான ஒலி. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் மதியம் மழை பெய்தது, மகள் அழுதாள், ஜிர்ர் என்றது. மறுபடி எடுத்துப் போனேன். மறுபடியும் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. “அவரு இங்கதானே இருக்காரு. உட்லண்ட்ஸுக்கு எதுக்குடி வரப்போறாரு? எம்ஆர்டி ரயில்ல அவ்ளோ தூரம்னாலே மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாரு.”

சிரித்தேன். அன்று தனியாகக் கூடத்தைக் கடக்க யோசித்தேன் என்பதும் உண்மை.

உட்லண்ட்ஸ் அறையில் நான் மிகவும் நேசிக்கும் கருவி உளியோ இழைப்புளியோ அல்ல. சுவரில் இருக்கும், காற்றின் ஈரத்தை அளந்து காட்டும் ஈரமானி. காலையில் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் பார்ப்பேன். இந்த ஊர்க் காற்றில் மரம் ஊறிக்கிடக்கும்போது ஒட்டினால், பிறகு குளிர்சாதன அறையில் காய்ந்து பிளக்கும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஈரமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு காலையில்தான் புரிந்தது. அப்பாவின் கிட்டார் சன்னலோரத்திலும் கோயிலிலுமாக வாழ்நாள் முழுக்க ஈரத்தில் இருந்தது. ஈரத்தில் அதன் மேற்பலகை உப்பிக்கொள்ளும். உள்ளே எங்கோ ஒன்று பிரியும். என் அறையின் வறட்சியில் பலகை அடங்கி, பிரிந்தது மீண்டும் பொருந்தி, ஊமையாகிவிடும். நோயாளியை மருத்துவரிடம் கொண்டுவந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவதுபோல.

எனவே கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் கிட்டாரைக் கிடத்தி, பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சிறு கண்ணாடியையும் ஒரு விளக்கையும் ஒலித்துளைக்குள் விட்டேன். மேற்பலகையைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டங்களில் ஒன்றின் நுனி பெயர்ந்திருந்தது. அந்த இடுக்கின்மேலும் சட்டத்தின் பக்கவாட்டிலுமாக, காய்ந்துபோன வெள்ளைப் பசையில், ஒரு கட்டைவிரல் ரேகை.

விளக்கை இன்னும் அருகில் நகர்த்தினேன்.

“அம்மா, அப்பா இத ஒட்டப் பாத்தாரா?”

“பாக்காம? ஸ்கூல் பிள்ளைங்க பேப்பர் ஒட்டுற பசைய வாங்கியாந்து, கைய உள்ள விட்டு, கை மாட்டிக்கிட்டு, சோப்பு போட்டுல்ல உருவினோம்! ஃபாதர் பிரசங்கம் பண்றப்ப இது தானா முனகி, கொசு பறக்குற மாதிரி இருக்குன்னு ஒரே மானக்கேடு அவருக்கு.”

“அப்ப அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்காதா?”

“சுத்தமா பிடிக்காது.” வெங்காயத்தை நறுக்கி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். “எனக்குப் பிடிக்கும். வேலை முடிஞ்சு வந்து லிஃப்ட்ட விட்டு வெளிய வரும்போதே கேக்கும். வீட்ல ஆள் இருக்குன்னு தெரியும்.”

ஒட்டாமல் விட்டால் சட்டம் மேலும் மேலும் பெயர்ந்து, ஒருநாள் கம்பிகளின் இழுப்பில் பலகையே கிழியும். ஒட்டினால் அம்மாவுக்கு வீட்டில் ஆள் இருக்காது. அப்பா விரும்பியது ஒன்று, அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது இன்னொன்று. “அம்மாகிட்டயே கேளேன்” என்றார் கணவர். கேட்டதால்தானே இந்தத் தவிப்பு? திருப்பலிக்கு முந்திய நாட்களில் பசையைக் காய்ச்ச அடுப்பை ஏற்றுவதும் அணைப்பதுமாக இருந்தேன்.

தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது அம்மாவே பேச்சை எடுத்தார். “உனக்கு எது சரின்னு தோணுதோ செய். இத செய்யத்தானே அந்த வேலைய விட்டுட்டு வந்த?”

அது அனுமதியா, குத்தலா என்று பஸ் பயணம் முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும், “ஒட்டப் போறேன்மா” என்றேன். அம்மா போய் மின்விசிறியை நிறுத்தினார். சன்னல்களைத் திறந்துவிட்டார்.

“ஒரு தடவ வாசி.”

காணிக்கைப் பாட்டை வாசித்தேன். ஐந்தாம் கம்பியில் அந்த ஓசை வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிவதற்குள், “போதும்” என்றார்.

பழைய பசை இருக்கும் இடத்தில் புதுப் பசை பிடிக்காது. சுரண்டித்தான் ஆகவேண்டும். இடுக்கின்மேல் இருந்த பாதி ரேகையைச் சுரண்டினேன். சட்டத்தின் பக்கவாட்டில் இருந்த மறுபாதியை விட்டுவிட்டேன். என் கை சிறியது, மாட்டிக்கொள்ளவில்லை. புதுப் பசை தடவி, சட்டத்தை அழுத்திப் பிடிக்கச் சிறு திருகாணித் தாங்கியை உள்ளே நிறுத்தி இறுக்கியபோது மகள் விழித்து அழுதாள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். என் விரல்களில், சுரண்டிய பசையின் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பதறிப்போய் அவள் சட்டையை மாற்றினேன். ஆனால் அவள் தோள்பட்டையில் ஒட்டியிருந்ததைத் துடைக்க மனம் வரச் சற்று நேரமானது.

திருப்பலியில் ஆன்ட்டி வாசித்தார். மைக்கில் ஒரு குறையும் இல்லை. “சூப்பரா இருக்குலா” என்று என் முதுகைத் தட்டினார். அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

கிட்டார் மறுபடி சுவரில் இருக்கிறது. மகள் அழுதால் கம்பிகள் இப்போதும் ரீங்கரிக்கின்றன, சுத்தமாக. அம்மா சமையலறையில் தலையை நிமிர்த்துகிறார். நானும் இருந்த இடத்திலேயே நிற்கிறேன். இருவரும் ஒரு கணம் காத்திருக்கிறோம். பிறகுதான் குழந்தை அழுவது நினைவுக்கு வந்து, இருவருமாக ஓடுகிறோம்.