லிந்துலையில் பிள்ளைகளுக்கு ஒரு பெரட்டு

என் கையெழுத்து வரிக்கு நேராக நிற்காது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு மளிகைக் கடையில் உட்கார்ந்தவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலங்கை போய் வந்ததைச் சொல்லு சொல்லு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

1955 பிப்ரவரி 6. என் மகள் கோமதியும் நானும் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பயிற்சி முடித்தவள், வயது இருபது. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் வேலுச்சாமி என் மனைவிக்கு அண்ணன் முறை. பள்ளிக்கூடம் போக வயது பற்றாத பிள்ளைகள் அங்கே சும்மா திரிகிறார்கள் என்று அவர் ஊருக்கு வந்தபோது சொன்னார். சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் சொல்லித் தருகிறேன் என்று இவள் கிளம்பிவிட்டாள். தோட்டத்துத் துரை ஒரு வாரம் நடத்திப் பார்க்கச் சம்மதித்திருந்தார். வேலைக்கு இடைஞ்சல் என்றால் மூடிவிட வேண்டும். அப்படி மூடினால் கையோடு அவளைக் கூட்டி வா என்பது என் மனைவியின் உத்தரவு.

பிப்ரவரி 7. தலைமன்னாரில் முந்தின இரவே ரயில் ஏறியிருந்தோம். காலையில் பொல்காவலையில் வண்டி மாறினோம். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஜன்னலுக்குக் கீழே நாங்கள் சற்று முன் கடந்த தண்டவாளமே தெரிந்தது! அட்டனில் பத்துச் சதத்துக்கு ஒரு பணிஸ் வாங்கித் தின்றோம். நம் ஊர் பன்தான். அந்தக் குளிரில் அதற்குத் தனி ருசி. தலவாக்கலையில் இறங்கி, பஸ்ஸில் மூன்று மைல். பிறகு ஏற்றத்தில் நடை.

வேலுச்சாமி எதிரே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "என்ன மச்சான், இதுக்கே மூச்சு வாங்குது? எங்க பொம்பளைங்க கூடையோட ஓடுவாங்க!"

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். எங்களுக்குக் கடைசி அறை. பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்துக் கொட்டகை பள்ளிக்கூடத்துக்கு. வேலைக்குப் போகிறவர்கள் பால் குடிக்கும் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குத்தான் அங்கே பிள்ளைக் காம்பரா என்று பெயர்.

பிப்ரவரி 8. காலை எட்டரை. கொட்டகைக்கு வந்தவர்கள் நான்கே பிள்ளைகள். மற்றவர்கள் ஓடைப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குவதைக் கோமதி பார்த்தாள். பள்ளிக்கூட மணிக்கு ஆகும் என்று சந்தோஷமாக ஒரு கல்லை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தாள். மலையே அதிர்ந்தது.

பிள்ளைகள் ஓடிவரவில்லை. மேலேயிருந்து பெண்கள் இறங்கினார்கள்! முதுகில் பாதிக் கூடைக் கொழுந்தோடு, சறுக்கிச் சறுக்கி, நாற்பது பேருக்குக் குறையாது. கொழுந்து நிறுக்க அழைப்பதற்குத்தான் அந்த இரும்பை அடிப்பார்களாம். பின்னாலேயே கால்சட்டையும் தொப்பியுமாகக் கண்டாக்கு வந்தார். மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர் அவர்.

"யாரு அடிச்சது? நிறுவைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு!"

"நான்தாங்க. தெரியாம அடிச்சிட்டேங்க," என்றாள் கோமதி.

"இன்னொரு தடவை இப்படி வேலை நின்னா, துரைகிட்டச் சொல்லிப் பூட்டிப்புடுவேன்."

முதல் நாளே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முத்தாயி என்ற பெண் கூடையை இறக்காமலே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் மகன் மணலில் விரலால் 'ட' போட்டுக்கொண்டிருந்தான். "அடியே, இங்க வந்து பாருங்கடி, எம் மவன் எழுதுறான்!" என்று கூவினாள். எல்லோரும் முண்டியடித்தார்கள். கண்டாக்கு விரட்டிய பிறகும் போகிற போக்கில் அவள் திரும்பி, "இரும்பு எதுக்கு டீச்சரம்மா? விடியக்காலையில பெரட்டுக்கு வாங்க. புள்ளைங்கள நாங்களே கூட்டியாறோம். எங்களுக்குப் பேர் கூப்புடுற மாதிரி அதுங்களுக்கும் கூப்புடுங்க," என்றாள்.

பிப்ரவரி 9. விடியுமுன் தப்பு மேளச் சத்தம். வேலைக்குப் போகிறவர்கள் மைதானத்தில் ஒன்றுகூடிப் பெயர் கொடுத்து, எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொள்வதுதான் பெரட்டு. வேலுச்சாமி பெரியவர்கள் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் கோமதி முன்னால் வந்தாள். கம்பளித் துண்டுக்குள் சுருண்டு நின்ற பிள்ளைகள் பதினெட்டுப் பேர். முத்தாயி மகன் அப்பனைப் போலத் தொண்டையைக் கனைத்து, "வந்தாச்சுங்க கங்காணியாரே!" என்றான். மைதானமே சிரித்தது.

கண்டாக்கும் சிரித்துவிட்டார். "பழகட்டும், பழகட்டும். நாளைக்கு இங்கதான நிக்கணும்."

முத்தாயி விடவில்லை. "உங்க மவன் எந்தப் பெரட்டுல நிக்கிறாருங்க ஐயா? கண்டியில பெரிய பள்ளிக்கூடத்துலயில்ல?"

கண்டாக்கு தொப்பியைச் சரிசெய்தார். கோமதிதான், "இங்க பேர் கொடுத்தவங்க யாரும் மலைக்குப் போகப்போறதில்லைங்க," என்றாள். அவ்வளவு பேர் நடுவில் என் மகளுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது! பெரியவர்கள் மேலே ஏறினார்கள். பிள்ளைகள் அவள் பின்னால் கீழே இறங்கினார்கள். தினமும் இதே போல் நடந்தது. கூட்டம் தினமும் கூடியது.

பிப்ரவரி 14. வாரம் முடிந்தது. பெரட்டில் கண்டாக்கு வேலுச்சாமியிடம், "வேலை நிக்கல. பொம்பளைங்களும் நேரத்துக்கு வர்றாங்கன்னு துரைகிட்டச் சொல்லிட்டேன். நடக்கட்டும்ன்னுட்டாரு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உங்க மக கெட்டிக்காரிங்க," என்றார்.

பிப்ரவரி 15. என் பெட்டியைக் கட்டினேன். எங்கள் துறையூரில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் போர்வைக்குள் புரள்வார்கள். இங்கே முப்பத்திரண்டு பேர் பனியில் நின்று பெயர் கொடுத்தார்கள். கோமதி கூப்பிடுவதை நடுவில் நிறுத்தி, "அப்பா, அம்மாகிட்ட நல்லபடியா சொல்லுங்க," என்றாள். மறுபடி கூப்பிடத் தொடங்கினாள். நான் இறங்கினேன். ஒவ்வொரு பெயரும், அதற்கு ஒரு சின்னக் குரலும், ரோடு வரை கேட்டன.

லிந்துலையில் பஸ் ஏறியதும் டிக்கெட் கொடுப்பவர், "எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தர்," என்றேன். வரும்போது இரண்டு பேர் என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் சிரிப்புதான் வந்தது.

துறையூர்,
1955 ஜூலை 3.