இருபத்தொரு நாள் சாப்பாடு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் சந்தில் அருணகிரி இயற்கை உணவு முகாம் நடத்தி வந்தார். சென்னையில் பெரிய வேலையில் இருந்தவர். நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சுவலி வந்து, சாப்பாட்டை மாற்றிப் பிழைத்தார். அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று 1994-இல் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார். ஒரு முகாம் இருபத்தொரு நாள். காபி, டீ, வெள்ளைச் சர்க்கரை எதுவும் கிடையாது.

சரோஜா அங்கே சமையல்காரி. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை. கஸ்தூரி என்று ஒரே மகள். சரோஜா விடியும்போதே அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வந்து கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவாள், பயறு முளைகட்டுவாள், எள்ளுருண்டை பிடிப்பாள். ஆனால் ஒரு உருண்டையை வாயில் போட முடியாது. வேலைக்காரர்கள் விருந்தாளிகளின் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்பது அருணகிரியின் சட்டம். மிச்சமானால் மாட்டுத் தொட்டிக்குப் போகும். இதையெல்லாம் அவர் ஒருநாளும் அதட்டிச் சொன்னதில்லை. சிரித்த முகமாகத்தான் சொல்வார்.

ஒவ்வொரு முகாமின் முதல் நாளும் அவளை ஹாலுக்குக் கூப்பிட்டு நிறுத்துவார்.

"இந்தம்மாவுக்கு நாப்பது வயசு. ரெண்டு குடத்தோட மாடி ஏறுவாங்க. எங்கேர்ந்து வருது இந்தத் தெம்பு? நீயே சொல்லும்மா."

"காத்தால கேவுரு கூழுங்க. பத்து மணிக்கு முளைகட்டின பயறு. மத்தியானம் முருங்கக்கீரை."

முதல் தடவை அவர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள். போகப்போகத் தானாகவே சேர்த்துச் சொன்னாள். கீரையில் ஒரு சொட்டு நெய் விடுவதாகச் சொன்னாள். கெட்டித் தயிர், மலைவாழைப்பழம், வேர்க்கடலை என்றாள். முந்தின ராத்திரி எதை நினைத்துக்கொண்டு படுத்தாளோ அதைச் சொன்னாள். கேட்டவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் வயிற்றில் மகள் தின்று மிஞ்சிய பழைய சோறும் மூன்று வேளை டீயும் இருந்தன.

1997 தை மாதத்தில், மாடிப்படியில் இரண்டு குடத்தோடும் விழுந்தாள். தன் அம்மாவை முகாமில் விட்டுப்போக வந்திருந்த வேலூர் டாக்டர் மணிமொழி ஓடிவந்து அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

அருணகிரி பக்கத்திலேயே நின்றார். "கேவுரு கூழுங்க," என்றாள் சரோஜா.

டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"டீதாங்க. சோறு பொண்ணுக்கு வெச்சிட்டு வந்தேன்."

போகும்போது மணிமொழி அருணகிரியிடம், "உடம்புல ரத்தமே இல்ல சார். வெறும் டீயிலதான் ஓடுறாங்க. நீங்க சமைக்கறதையே மூணு வேளையும் குடுங்க. மாத்திரையும் எழுதியிருக்கேன்," என்று சீட்டைக் கொடுத்தார். அவர் தலையாட்டி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டைச் சரோஜா கண்ணால் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஹாலின் நடுவே மணை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். எதிரே முப்பது பேர். வாசலில் எடை மெஷின்.

"நம்ம சரோஜா நம்மகிட்ட பொய் சொல்லிட்டாங்க. திருட்டுத்தனமா டீ குடிச்சே உடம்பக் கெடுத்துக்கிட்டாங்க. பாருங்க," என்று அருணகிரி அவள் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். "மருந்து மாத்திரை இல்லாம, இருபத்தொரு நாள்ல இவங்கள மாத்திக் காட்டறேன்."

இலையில் கூழும் கீரையும் பழமும் வைத்தார்கள். முப்பது ஜோடிக் கண்ணுக்கு முன்னால் அவள் சாப்பிட்டாள். மெல்ல மென்று தின்னச் சொன்னார்கள், மென்றாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினாள். முதல் நாள் பாதியை இலையிலேயே விட்டாள். நாலாம் நாள் பசி வெட்கத்தைத் தின்றுவிட்டது. பத்தாம் நாள், எடை மெஷினில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறினாள். காலில் இப்படி ஒரு தெம்பு இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

இருபத்தொன்றாம் நாள் படம் எடுத்து, முதல் நாள் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இருபத்திரண்டாம் நாள் அவளுக்கு இலை விழவில்லை.

"சார், எனக்கு..."

"உனக்குத்தான் நல்லாயிடுச்சே," என்றார் அருணகிரி. "அடுத்த முகாமுக்கு வேற ஆள் வேணும். உங்க ஊர்ல நல்லா மெலிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டினு வாம்மா."

சரோஜா தன் தங்கை பொன்னியைக் கூட்டிவந்தாள். இருபத்தொரு நாளாவது அவள் வயிறாரச் சாப்பிடட்டும் என்றுதான். தங்கைக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். பொன்னி இலையிலிருந்து தலை நிமிரவே இல்லை.

ஐப்பசிக்குள் சரோஜா மறுபடி வற்றிப்போனாள். வந்தவர்கள் சுவரில் இருந்த படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண்மணி, "இது நீங்களா?" என்றே கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அருணகிரி சரோஜாவை வேலையை விட்டு நிறுத்தினார். சமையலுக்குப் பொன்னியை வைத்துக்கொண்டார். படம் மட்டும் சுவரிலேயே இருந்தது.

அதன்பிறகு சரோஜா வேர்க்கடலைக் கொல்லைகளில் கல்லைக்காய் பிடுங்கப் போனாள். வெயிலில் அரை நாளைக்கு மேல் முடியாது, வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். நாலு மாதம் கழித்துப் பொன்னி ஒருநாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, சாரு ஒரு ஆளு கேக்கறாரு. சின்ன வயசா இருந்தா ஜனங்க ஜாஸ்தி நம்புவாங்களாம். கஸ்தூரிய அனுப்பறியா?"

"எங்க வூட்டு வாசல்ல நிக்காத. போயிடு," என்றாள் சரோஜா.

உள்ளே அடுப்படியில் இருந்த கஸ்தூரி எழுந்து வந்தாள். பதினாறு வயது. முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"மூணு வேளையும் போடுவாங்களா, சித்தி?"

"போடுவாங்க."

"நான் போறேம்மா," என்றாள் கஸ்தூரி.

சரோஜா எழுந்து தடுக்கப் பார்த்தாள். கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அவள் கண் தெளிந்தபோது, கஸ்தூரி தலையைச் சீவிக்கொண்டு சித்தியோடு தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.