நகராத பொத்தான்கள்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். கணினித் திரையில் நாம் சொடுக்கும் பொத்தான்களை இடம் பார்த்து வைப்பது அவர் வேலை. திரையில் பெட்டி ஒன்றைப் போட்டு அதற்குள் பொத்தான்களை விட்டால், திரையின் அளவுக்கு ஏற்ப அதுவே அவற்றை நகர்த்தி அடுக்கிக்கொள்ளும். ஸ்கேலுக்கு அது ஆகாது. “என் பொத்தான் எங்க உக்காரணும்னு பெட்டியா சொல்றது?” என்று ஒவ்வொன்றையும் தானே அளந்து, ஆணி அடித்தாற்போல் வைப்பார்.

ஒருநாள், செய்த மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் லேப்டாப்போடு வந்து நின்றாள். “அண்ணே, இதுல ‘சேமி’ பொத்தானையே காணோம். திரைக்கு வெளியில போயிடுச்சு.”

“உன் திரை சின்னது. அதுக்கு நான் என்ன பண்றது? பெருசா வாங்கு!”

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் புது சோபா வந்தது. கூடத்துச் சுவரை நூல் பிசகாமல் அளந்து செய்யச் சொன்னது. வாசலை மட்டும் அவர் அளக்கவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று அது கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. மாமியார் உள்ளே மாட்டிக்கொண்டார். மனைவி தெருவில் நின்றாள்.

“கழட்டி மாட்டுற சோபாவா வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! இப்ப என்ன செய்யப் போறீங்க?”

ஸ்கேலோ, வாசலை இடிக்க எப்போது வருவீர்கள் என்று கொத்தனாரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.