ரெண்டையும் வெச்சிடுங்க

கடைவீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தப் பார்லர். மூன்றே நாற்காலி. நடு நாற்காலிக்குப் பின்னால் நிற்பவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் கழுத்தில் துண்டைச் சுற்றும்போதே அவள் பேச்சு ஆரம்பித்துவிடும். யார் வீட்டில் கல்யாணப் பேச்சு, யார் வேலையை விட்டார், யாருக்கு மாமியாரோடு முட்டிக்கொண்டது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அடுத்த தலைக்குப் போகும். ஆனால் அவள் பேச்சில் விஷம் கிடையாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும், "ரேடியோ வரட்டும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு.

அவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா ஆலையிலிருந்து வரும்வரை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டும். சீட்டாடினால் எதிராளிக்கும் அவளே சீட்டுப் போட்டு, அவளே ஏமாற்றி, அவளே சண்டை பிடிப்பாள். கல்யாணமான புதிதிலேயே கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க, நமக்கு ஒண்ணோட நிறுத்தற கதையே வேண்டாம். ஒண்ணுக்கு ஒண்ணு துணை வேணும்."

"சரி" என்றார் அவர். பஸ் பணிமனையில் மெக்கானிக் அவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். அவரும் பேச ஆரம்பித்தால் வீட்டில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று அவளே சிரிப்பாள்.

ஒன்றுக்கு ஒன்று துணை என்றவளுக்கு முதல் ஒன்றே வரவில்லை. வருடங்கள் ஓடின. மாத்திரை சாப்பிட்டாள், ஊசி போட்டுக்கொண்டாள். பார்லரின் பின்னறையில், காயப் போட்ட துண்டுகளுக்கு நடுவே நின்று, புடவையை விலக்கி வயிற்றில் தானே ஊசியைக் குத்திக்கொண்டு, வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவாள். உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை இரண்டு தடவை நடந்தது. இரண்டும் கைகூடவில்லை. அந்த நாட்களில் மட்டும் ரேடியோ ஓய்ந்து கிடக்கும். பிறகு மறுபடி பாடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது தடவை டாக்டரம்மா முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு கரு ரொம்ப நல்லா வளர்ந்திருக்கு. இப்ப ஒண்ணை வைப்போம். இன்னொண்ணை உறைய வெச்சுப் பத்திரமா வெச்சுக்கலாம். அப்புறம் வேணும்கிறப்ப எடுத்துக்கலாம்."

"எதுக்கு டாக்டர் ஒரே வேலையை ரெண்டு வாட்டி செய்யணும்? ரெண்டையும் வெச்சிடுங்க."

"ரெட்டைப் பிள்ளை ஆசையா?"

"ஆசைதான். படக்கூடாதா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "படலாம்மா. ஆனா நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. ஒண்ணு வெச்சா ரெட்டை வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். ரெண்டு வெச்சுக் கர்ப்பம் தங்கிச்சுன்னா, நாலு பேர்ல ஒருத்தருக்காவது ரெட்டையா நிக்கும். கேக்க இனிப்பாத்தான் இருக்கும். ஆனா ரெட்டையில பாதிக்குப் பாதி நாள் நிறையறதுக்கு முன்னாடியே பிறந்துடும். சிலது ரொம்ப முன்னாடி. உங்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறலாம். அதனாலதான் ஒண்ணொண்ணாப் போகலாங்கறேன்."

"ரெட்டை பெத்தவங்க என் நாற்காலியிலயே வந்து உக்கார்றாங்க டாக்டர். பிள்ளைங்க எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்குதுங்க."

பக்கத்தில் கணவர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், நாங்க என்ன நினைக்கிறோம்னா…"

ஒன்று போதும் என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. மேஜைக்கடியில் அவர் காலை அழுத்தி மிதித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"அவருக்கும் சம்மதம்தான் டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா இன்னும் ஒரு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னார். மறுநாளும் அதே பதிலோடுதான் போனாள். ஆசை மட்டும் காரணமில்லை. இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியவளுக்கு, ஒன்றை மட்டும் நம்பி இன்னொரு முறை காத்திருக்கத் தெம்பில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவள் அதை மட்டும் சொல்லவில்லை.

கர்ப்பம் தங்கியது. ஸ்கேன் திரையில் இரண்டு சின்னப் புள்ளிகள் துடித்தன. அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அடுத்த நாள் பார்லருக்கு வந்த அத்தனை பேரும் முடி வெட்டிக்கொண்டதோடு அந்தச் செய்தியையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். "ரெண்டுல ஒண்ணு உன் வீட்டுக்காரர் மாதிரி ஊமையாப் பிறந்தா என்ன பண்ணுவே?" என்று கிண்டல் செய்தாள் பார்லர் முதலாளியம்மா. "அதுக்கும் சேர்த்து நானே பேசிட்டாப் போச்சு" என்றாள் ரேடியோ.

டாக்டரம்மா சொன்னபடி நின்று வேலை செய்வதை நிறுத்தினாள். வீட்டில் காலை நீட்டிப் படுத்தே கிடந்தாள். அப்படியும் ஏழாம் மாதம் பிறந்த கையோடு ஒரு மத்தியானம் பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவர் பணிமனை ஜீப்பில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

முதலில் மகன், பின்னால் மகள். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தன. தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களும் ஒயர்களுமாகக் கிடந்தன. பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு மகனின் பாதத்தைத் தொட்டாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். வலிக்கிறதோ என்று பயந்து உடனே கையை எடுத்துவிட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். கையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

"நான் ஒண்ணோட நிறுத்தியிருந்தா இப்படி ஆகியிருக்காதுதானே?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒத்தைப் பிள்ளையும் முன்னாடியே பிறக்கறது உண்டு" என்றார் அவர். இல்லை என்றும் அவர் அடித்துச் சொல்லவில்லை என்பது அவள் காதில் விழாமலில்லை.

மகள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒருவழியாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். அவள் தவழத் தொடங்கியதும் ரேடியோ பார்லருக்குத் திரும்பினாள். அங்கேதான் இன்னொரு சோதனை காத்திருந்தது. ஊருக்கெல்லாம் தானே தண்டோரா போட்ட செய்தியாயிற்றே? நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தபடி, "ரெட்டைங்க எப்படி இருக்கு?" என்றாள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடவை அவள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் கூட இருந்தார்கள். மகன் போய் வெகுகாலம் ஆன பிறகும் யாராவது ஒருத்தி புதிதாகக் கேட்பாள், புதிதாகக் கை பிடித்து அழுவாள். அவர்களைத் தேற்றி அனுப்புவதும் இவள் வேலையாயிற்று.

அப்படித்தான் பேச்சு குறைந்தது. எதை ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் முடியும் என்று ஆரம்பிப்பதையே விட்டாள். பெயர் மட்டும் ரேடியோ என்றே ஒட்டிக்கொண்டது.

மகள் கனமான கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். குளிர் அடித்தால் மூச்சு இழுக்கும். மற்றபடி கெட்டிக்காரி. சாயங்காலம் பார்லருக்கு வந்து, சுவரோரம் உட்கார்ந்து தனியாகச் சீட்டு அடுக்கி விளையாடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாய்க்கு அந்தப் பூட்டிய வீடு ஞாபகம் வரும். எதை வேண்டாம் என்று இவ்வளவு தூரம் ஓடினாளோ அதுவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முறை சிகிச்சைக்குப் போக உடம்பும் இடம் கொடுக்கவில்லை, மனசும் இடம் கொடுக்கவில்லை. உறைய வைத்த கரு என்று ஒன்றும் கையிருப்பில் இல்லை.

ஒருநாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தலை அலச உட்கார்ந்தாள். கல்யாணமாகிச் சில வருடம்தான் ஆகியிருந்தது.

"கருமுட்டை வளர மாத்திரை குடுத்திருக்காங்க அக்கா. அதுல பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ரெட்டை தங்குமாம். அந்த ஒருத்தி நானாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். ஒரே பிரசவம், ரெண்டு பிள்ளை. வேலை முடிஞ்சுது பாருங்க!"

ரேடியோவின் கை நின்றுவிட்டது. "அப்படி வேண்டிக்காதேம்மா" என்றாள். பிறகு அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்ததுபோல் வந்தது. கண்ணாடிப் பெட்டி, குழாய், மகனின் பாதம், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் ஈரத்தலையோடு எழுந்துவிட்டாள்.

"உங்களுக்கு நடந்தா எனக்கும் நடக்கணுமா அக்கா? வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?"

துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். "இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தவளுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று முதலாளியம்மா கடிந்துகொண்டாள். ரேடியோ அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் குழாயடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, என்னை ஒரு தடவையாவது திட்டிடுங்களேன்."

"எதுக்கு?"

"அன்னிக்கு டாக்டர் ரூம்ல நீங்க ஒண்ணு போதும்னு சொல்ல வந்தீங்க. நான் காலை மிதிச்சு வாயை அடைச்சுட்டேன்."

அவர் சோப்பை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஒண்ணு போதும்னு யார் சொன்னா? ரெண்டையும் வெக்கச் சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன்."

"பொய் சொல்லாதீங்க. அப்ப ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜம்தானா, அவளுக்காகச் சொன்னதா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிஜமென்றால் அவரும் அதே பாரத்தை இத்தனை காலமும் பக்கத்திலேயே படுத்துச் சுமந்திருக்கிறார், இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய்யென்றால், அவளுக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. அவர் துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

மருந்துக் கடைப் பெண் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம், தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். இரண்டும் மொழுமொழுவென்று இருந்தன. ரேடியோவைப் பார்த்ததும் அவள் முகத்தில் கர்வமும் சங்கடமும் மாறி மாறி வந்தன.

"ரெண்டு, அக்கா. நாள் நிறைஞ்சுதான் பிறந்துச்சுங்க" என்றாள்.

"நல்லா இருக்கட்டும்மா" என்றாள் ரேடியோ. மனதாரத்தான் சொன்னாள். அதே மூச்சில், எனக்கு மட்டும் ஏன் என்று உள்ளே ஒன்று கேட்டது. அதையும் அவளால் கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை.

அந்தப் பெண் முதலாளியம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். குழந்தைகளை எங்கே விடுவது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ரேடியோவிடம் நீட்டினாள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். அவள் பெற்ற இரண்டையும் ஒருசேர அவள் தூக்கியதே இல்லை. கை இரண்டும் இப்படி நிறைந்து கனக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"யாரோடதும்மா?"

"அந்த அக்காவோடது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்" என்றாள் தாய். "வா, இப்படிப் பக்கத்துல உக்காரு. தலையைத் தாங்கிப் பிடிக்கணும், நான் சொல்லித் தர்றேன்."