அம்மாவுக்கு ஒரு டிரெய்லர்

நண்பரிடம் இரவல் வாங்கிய கூடாரத்தை நானும் மனைவியும் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் விரித்து, கம்பிகளை வளைத்துச் செருகி நிமிர்த்தினோம். அம்மா சமையலறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகள் உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, "கம் இன், ஆயா" என்று பாட்டியைக் கூப்பிட்டாள். அம்மா கதவைத் திறந்தாள். வெளியே வரவில்லை.

"இன்னாடா இது?"

"டென்ட்டுமா. அடுத்த மாசம் ஏரிக்கரைக்கு கேம்பிங் போறோம்னு சொன்னேன்ல. ரெண்டு நாள் இதுலதான் தூங்குவோம்."

"சும்மாவா உடுவாங்க?"

"இல்ல, இடத்துக்கு வாடகை உண்டு."

"எத்தினி வருசம் தார்ப்பாய்க்குள்ள கெடந்தேன். ஒருத்தன் வாடக கேக்கல" என்றாள். "ஏரோப்ளேன்ல கூட்டியாந்து திரும்பவும் அதுலயே படுக்க வெக்கிறியா?"

மனைவி சிரித்துவிட்டாள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெற்றோர் கரும்பு வெட்டப் போனவர்கள். ஆலை எந்த ஊருக்கு வெட்டு உத்தரவு கொடுக்கிறதோ, அந்த ஊர்க் கரும்புக் கொல்லை ஓரத்தில் மூங்கில் நட்டு, தார்ப்பாய் போர்த்தி, வெட்டு முடியும்வரை அங்கேயே இருப்பார்கள். பிறகு அடுத்த கொல்லை. நான் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். லீவு விட்டால் அந்தத் தார்ப்பாய்க்குள் போய்ப் படுப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். மனைவி சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் கூடாரத்தைத் தூக்கி நிறுத்தும்போது அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவளை எப்படிக் குறை சொல்வது, எனக்கே வரவில்லை.

கேம்பிங் போகும் யோசனையே அம்மாவுக்காகத்தான். ஆகஸ்டில் டெக்சாஸ் வந்தாள். நவம்பர் கடைசியில் திரும்புவதற்கு டிக்கெட். அதைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிட வேண்டும், அதற்குள் பேசிப் பேசி அவளை வேலையை விடச் செய்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அப்பா இறந்தபின் அவளுக்கு ஊர்ப் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. சம்பளமில்லாத லீவில்தான் வந்திருந்தாள். "நான் சம்பாதிக்கிறேன்லம்மா, இன்னும் எதுக்கு அண்டா தூக்கற" என்று போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அண்டாவ நான் எங்க தூக்கறேன், கரண்டிதான்" என்பாள்.

நான் ஊருக்குப் போய் அவளைப் பார்க்கலாம்தானே என்று கேட்பார்கள். போகலாம். திரும்பி வர முடியுமா என்பதுதான் தெரியாது. வேலை விசாவுக்குப் புது முத்திரை வாங்கப் போய், அங்கேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு. அவர்களில் ஒருவருக்கு வேலையும் போனது. அதனால் நான் போவதில்லை. அம்மாதான் வரவேண்டும், வந்தால் இருக்கவேண்டும்.

ஆனால் டல்லாஸுக்குப் பக்கத்தில் ஆலன் நகரில் இருந்த எங்கள் வீடு அவளுக்கு ஒட்டவில்லை. கதவைத் திறந்தால் வீடு பேசியது. "ஃப்ரண்ட் டோர் ஓப்பன்" என்று சுவரிலிருந்து ஒரு பெண்குரல் சொல்லும். முதல் வாரம் அதற்குப் பயந்து அவள் கதவையே தொடவில்லை. பிறகு பழகிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். வாசல் கேமரா உடனே என் போனுக்குத் தகவல் அனுப்பிவிடும். மீட்டிங்கில் உட்கார்ந்தபடி பார்ப்பேன். அம்மா வாசற்படியில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பாள், அந்தப் பக்கம் பார்ப்பாள். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளே போய்விடுவாள். ஒருநாள் அப்படி நான்கு தடவை போன் அதிர்ந்தது. அன்றுதான் எங்காவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கூடாரம் வேண்டாம் என்றால் டிரெய்லர். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஏசி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். மனைவிக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

"இங்க ஒரு கிச்சன கழுவறது போதாதா? இன்னொரு கிச்சன கார்ல கட்டி இழுத்துட்டு வேற போகணுமா?"

"அம்மா கீழ படுக்கமாட்டாங்க."

"கட்டில் இருக்குல்ல, ஃபோல்டிங்ல. டென்ட்டுக்குள்ள போட்டுக்கலாம்."

"கட்டில் பிரச்சினை இல்ல. தார்ப்பாய்தான் பிரச்சினை."

"அத்தை அத ஜோக்காதான் சொன்னாங்க. நீதான் அதப் பிடிச்சுக்கிட்டு தொங்கற."

அவள் சொன்னதில் பாதி உண்மை. என்றாலும் அம்மாவைத் திரும்பவும் துணிக்கடியில் படுக்கவைக்க என்னால் முடியாது. அந்த ஒரு விஷயத்தில் நான் யார் சொல்லையும் கேட்பதாக இல்லை. மகள் மட்டும் கடைசிவரை "ஐ வான்ட் த டென்ட்" என்று காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வாடகை டிரெய்லர் பார்க்க நால்வரும் போனோம். தொப்பி போட்ட வயதான அமெரிக்கர் ஒருவர் கதவைத் திறந்து காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். மெத்தையை அழுத்தினாள். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். அடுப்புக்கு அடுத்தாற்போல் ஒரு குறுகிய கதவு. திறந்தால் கழிவறை.

"அடுப்பும் கக்கூசும் ஒரே செவுத்துலயா?"

"எடம் சின்னதும்மா. நடுவுல கதவு இருக்கு பாரு."

"போறதெல்லாம் எங்க போவும்?"

நான் அவரிடம் கேட்டேன். அவர் எங்களை வெளியே அழைத்துப் போய், வண்டியின் அடிவயிற்றில் இருந்த தொட்டியையும், இழுத்துத் திறக்கிற பிடியையும், தடித்த குழாயையும் காட்டினார். திரும்பும்போது முகாம் வாசலில் இருக்கிற குழியில் இந்தக் குழாயைச் செருகி, பிடியை இழுத்தால் போதும், தொட்டியைக் காலி செய்துதான் வண்டியைத் திருப்பித் தரவேண்டும் என்றார். ரப்பர் கையுறை ஒரு ஜோடி என் கையில் கொடுத்து, இது மட்டும் இலவசம் என்று சிரித்தார்.

"யாரு இழுக்கறது?" என்றாள் அம்மா.

"நாமதான்."

அதற்குப் பிறகு அவள் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். "சொன்னேன்ல. அடுப்புகிட்ட டாய்லெட்னா எங்க வீட்லயே ஒத்துக்கமாட்டாங்க." நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடாரமும் ஆகாது, டிரெய்லரும் ஆகாது என்றால் நான் அம்மாவை எங்கேதான் கொண்டுபோய் வைப்பேன் என்று இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்டோபரில் கிளம்பினோம். டிரெய்லர் இழுத்துப் பழக்கமில்லாததால் ஃப்ரீவேயின் வலது ஓரத்தை விட்டு நான் நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முந்திப் போனார்கள். "மாட்டு வண்டி தேவல" என்றாள் அம்மா. மனைவிக்கு அன்று காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஏரி நன்றாக இருந்தது. பைன் மரங்களுக்கு நடுவே எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில், ஒரு நல்ல மனிதர் கையைக் காட்டி வழிசொல்ல, டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தினேன். அம்மா தண்ணீரில் காலை வைத்துவிட்டு வந்து, மடக்கு நாற்காலிகள், செருப்புகள், அரிசிப் பை எல்லாவற்றையும் எடுத்துக் கழிவறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

"ஆயா, வி ஹேவ் எ பாத்ரூம் ரைட் ஹியர்" என்றாள் மகள்.

"அது பொம்ம கக்கூசு. வா, அங்க பெரிசா கட்டி வெச்சிருக்கான்."

முகாமின் பொதுக் கழிவறை நல்ல தூரம். அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தாள்.

மறுநாள் பதினோரு மணிவாக்கில் மழை பிடித்தது. விடவே இல்லை. நாலு பேரும் உள்ளே. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். ஜன்னல்களை மூடியதும் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிப்போனது. மகள் ஏணிக் கட்டிலில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். மனைவி போனில் சிக்னல் தேடினாள். நான் வானிலை பார்ப்பதுபோல் சும்மா கதவோரம் நின்றேன். என் சொந்த விருப்பத்தில் கட்டி இழுத்து வந்த பெட்டிக்குள் எல்லாரையும் போட்டு மூடிவிட்டேன் என்று தோன்றியது. அன்று கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்த டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை.

அம்மா அந்த அடுப்பில் பருப்பு வேகவைத்தாள். கழிவறைக் கதவில் முதுகு உரச நின்று தாளித்தாள். முகத்தில் அருவருப்பு எதுவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவையாக மகளைப் பொதுக் கழிவறைக்கு இழுத்துப்போய் நனைந்து திரும்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"மழையில ஏம்மா அவ்ளோ தூரம்? கக்கூஸ் பக்கத்துலயே நின்னு சமைக்கிற. யூஸ் மட்டும் பண்ணக்கூடாதா?"

"சமைச்சா இன்னா? எங்க சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாலயே பசங்க கக்கூசுதான். நான் அதப் பாத்தா ஆவுமா?"

"அப்புறம் ஏன்?"

அம்மா முந்தானையால் பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "நெறஞ்சா யாரு தொறந்து உடணும்? நீதான?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"டவுன்லேருந்து வருவானுங்க. கக்கூசு தொட்டி அடைச்சிக்கிச்சி, வரியான்னு உங்கப்பன வந்து கூப்புடுவானுங்க. நம்ம தெருவுக்கு வேற எதுக்கு வந்தானுங்க? நான்தான் வாசல்ல நின்னு, அவரு ஊட்ல இல்லன்னுவேன். அவரு உள்ள உக்காந்துக்கினு இருப்பாரு. அதுக்கு பயந்துதான் கரும்புக்கே போனோம். நீ இன்னாடான்னா, கிளவுசு வாங்கிக்கினு நிக்கிற."

"இங்க எல்லாரும் பண்றதும்மா. டாக்டரும் பண்றான், வக்கீலும் பண்றான். அவனவனோடத அவனவன் ஊத்தறான், அவ்ளோதான்."

"எல்லாரும் பண்ணட்டும்" என்றாள்.

மனைவி போனைக் கீழே வைத்துவிட்டாள். வெளியே யாரோ காரை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இனி ஒத்திப்போட்டுப் பயனில்லை என்று நான் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். பிப்ரவரிவரை இரு, வேலையை விட்டுவிடு, ராஜினாமா எழுதிக் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"டிக்கெட்ட மாத்தாத, கண்ணு."

"இங்க உனக்கு என்னம்மா கொறச்சல்?"

"கொற இல்ல. இங்க எனுக்கு எல்லாத்துக்கும் நீ வேணும். கதவத் தொறக்க, கடைக்குப் போவ, ஒருத்தன் எதனா கேட்டா பதில் சொல்ல. நெறஞ்சா தொறந்து உடறதுக்குக்கூட நீதான். அங்க நான் எம் பாட்டுக்கு போவேன், வருவேன். நூறு பிள்ளைங்க தட்ட நீட்டிக்கினு நிக்கும். எனுக்கு அது போதும்."

"எனக்குப் போதாதும்மா."

"அது தெரியும்" என்றாள். "அதுக்கு நான் இன்னா பண்றது. நேரம் வரட்டும், நீயும் ஒருநாள் ஊருக்கு வருவல்ல."

நான் எப்போது வருவேன் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சாதம் ஆறிவிடும் என்று மனைவிதான் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

ஞாயிறு வெயில் அடித்தது. முகாமை விட்டுக் கிளம்பி, வாசலில் இருந்த குழிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பாத்திரம் கழுவிய தண்ணீராவது இருக்கும், எப்படியும் திறந்துதான் ஆகவேண்டும். மனைவி இறங்கி என் காதோடு சொன்னாள். "நேத்து நீங்கல்லாம் வெளிய போனப்ப, அந்தச் சேரையெல்லாம் நகர்த்திட்டு நான் ஒரு தடவ போயிட்டேன். ரொம்ப அவசரம். சாரி."

"பரவால்ல. நீ அம்மாகிட்ட பேசிட்டு இரு."

கையுறை மாட்டி, குழாயைச் செருகிப் பிடியை இழுத்தேன். சில நிமிட வேலை. நாற்றம் கொஞ்சம், அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாயை அலசும்போது அம்மாவின் பக்கம் திரும்பாமலே வேலையை முடித்தேன்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. அரிசி கழுவுன தண்ணிதான்."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில் டல்லாஸ் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். துபாயில் விமானம் மாறும்போது வழிதவறாமல் இருக்க, இங்கே எல்லாரும் பெற்றோருக்குச் செய்வதுபோல நானும் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தேன். நாற்காலியைக் கண்டதும், "எனுக்கு காலு நல்லாத்தான கீது" என்றாள். தள்ளிக்கொண்டு போகிறவர்களே வழி காட்டுவார்கள் என்று சொன்னபின் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, செருப்புக் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். தள்ளவந்த பெண்ணிடம், அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும், "கனமா இருப்பேம்மா, பாத்து" என்றாள்.

பாதுகாப்புச் சோதனை வரிசைக்குள் டிக்கெட் இல்லாதவர்கள் போகக்கூடாது. நான் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். நாற்காலிக்காரர்களுக்குத் தனி வழி என்பதால் அவள் மற்றவர்களைத் தாண்டி வேகமாகப் போனாள். போலீஸ்காரர் ஒருவர், வழியில் நிற்காதீர்கள் என்று என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் ஓரமாக நகர்ந்து நின்றேன்.